கேட்காமல் கழற்றி எறிந்த கனெக்டர்: ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், பழைய வீடியோ கேம் பழுதுபார்ப்புப் பிரிவு
பொருள்: என் நிண்டெண்டோ என்இஎஸ் வீடியோ கேம் பெட்டியில் நீங்கள் மாற்றிய 72 பின் கனெக்டர் (விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜைப் பெட்டியோடு இணைக்கும் பாகம்)

வணக்கம்.

ஆங்கிலத்தில் உங்களுக்கு மூன்று மின்னஞ்சல் போட்டுவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "கார்ட்ரிட்ஜை ஊதிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்." போன வாரம் தொலைபேசியில் பேசியபோதுதான் நீங்கள் தமிழர் என்று தெரிந்தது. அதனால் இந்த முறை நடந்ததை முழுதாகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி என் அப்பா 1989இல் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் வாங்கியது. முன்கதவைத் திறந்து, கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளி, கீழே அமுக்குகிற மாடல். மார்ச் மாதம் அதைப் போட்டால் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தரம் சிமிட்டியது, திரையும் கூடவே வெட்டியது. உங்களிடம் அனுப்பினேன். "புதுக் கனெக்டர் போட்டுச் சோதித்தாயிற்று" என்று 85 டாலர் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினீர்கள்.

வந்த அன்று விளையாட்டு ஓடியது உண்மைதான். ஆனால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுக்க முடியவில்லை. ஒரு கையால் பெட்டியை அமுக்கிப் பிடித்து, மறு கையால் இழுக்க வேண்டியிருந்தது. கீழே அமுக்காமலேயே, சும்மா உள்ளே தள்ளியதுமே ஓடுகிறது! அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தப் பெட்டியின் அமைப்பே வேறு. 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. 1985இல் இதை இங்கே இறக்கியபோது, விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியாமல் விசிஆர் (வீடியோ கேசட் போடும் பெட்டி) மாதிரி இருக்கட்டும் என்று முன்பக்கமாகச் செருகும்படி செய்தார்கள். கார்ட்ரிட்ஜ் லேசாக உள்ளே போக வேண்டும். கீழே அமுக்கிய பிறகுதான் பின்கள் அதன் விளிம்பைக் கவ்வ வேண்டும். வருடக்கணக்காக வளைந்து வளைந்து அந்தப் பின்களின் ஸ்பிரிங் தளர்ந்துபோகும், மேலே அழுக்கும் படியும். தொடர்பு சரியாகக் கிடைக்காதபோது, அசல் கார்ட்ரிட்ஜ்தானா என்று சரிபார்க்கப் பெட்டியில் இருக்கும் பூட்டுச் சிப்புக்குக் கார்ட்ரிட்ஜில் இருக்கும் ஜோடிச் சிப்பிடமிருந்து பதில் வராது. உடனே அது பெட்டியை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். சிமிட்டலுக்குக் காரணம் இதுதான். ஊதினால் சரியாகிவிடும் என்று சின்ன வயதில் நானும் நம்பினேன். உண்மையில் வாயிலிருந்து போகிற ஈரம் கார்ட்ரிட்ஜ் விளிம்பில் பின்கள் தொடும் உலோகத் தகடுகளைத்தான் அரிக்கும். ரிப்பேர் கடையே இப்படி யோசனை சொன்னால் என்ன செய்வது?

நீங்கள் போட்ட மலிவுக் கனெக்டரில் பின்கள் தேவைக்கு மேல் மேலே வளைந்திருக்கின்றன. செருகும்போதும் இழுக்கும்போதும் விளிம்பைச் சுரண்டுகின்றன. என் 11 கார்ட்ரிட்ஜ்களில் நான்கில் தகடுகளின் மேல் நீளநீளமாகக் கோடு விழுந்திருக்கிறது, படம் இணைத்துள்ளேன். இரண்டே மாதத்தில் சிமிட்டலும் திரும்பி வந்துவிட்டது. செல்டா என்ற விளையாட்டின் தங்க நிறக் கார்ட்ரிட்ஜில், என் தங்கை பெயரில் சேமித்து வைத்திருந்த ஆட்டப் பதிவும் போய்விட்டது. அதற்கு நான் பணம் கேட்கவில்லை; உள்ளே இருக்கும் பாட்டரியும் பழசு, எதனால் போனது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

என் பெரிய ஆத்திரம் வேறு. போன ஞாயிறு அடியில் இருக்கும் ஆறு திருகாணிகளைக் கழற்றி நானே திறந்து பார்த்தேன். பழைய கனெக்டர் வெறும் அழுக்கால் கெட்டிருக்கலாம். அதைக் கழற்றி, தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, திரும்பப் போட்டாலே பல பெட்டிகள் சரியாகிவிடுகின்றன. இந்த வேலையில் இருப்பவர்கள் பலரும் முதலில் செய்வது அதுதான். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழற்றிய பாகத்தைப் பெட்டியோடு அனுப்பவும் இல்லை. "எறிந்துவிட்டோம்" என்று தொலைபேசியில் சர்வ சாதாரணமாகச் சொன்னீர்கள். அது என் பொருள் ஐயா. 30 வருடத்துக்கும் மேல் உழைத்த பாகம். அதைப் போல இப்போது எங்கே வாங்குவேன்?

எனக்கு வேண்டியது இது. பழைய கனெக்டர் உங்கள் பட்டறையில் எங்காவது கிடந்தால் தேடி அனுப்புங்கள். இல்லையென்றால், வேறு பெட்டியிலிருந்து கழற்றிய அசல் கனெக்டர் ஒன்றைச் சுத்தம் செய்து, உங்கள் செலவில் போட்டுக் கொடுங்கள். அதுவும் முடியாதா, சரி, 85 டாலரையும் தபால் செலவு 22 டாலரையும் திருப்பித் தாருங்கள். உங்கள் கனெக்டரைக் கழற்றித் தனியாக அனுப்பிவிடுகிறேன். கோடு விழுந்த நான்கு கார்ட்ரிட்ஜ்களுக்கு என்ன தருவீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம், பூட்டுச் சிப்பின் நான்காவது உலோகக் காலைத் தூக்கிவிட்டால் சிமிட்டல் நின்றுவிடும் என்று உங்கள் ஆள் சொன்னார். சிமிட்டல் நிற்கும், தொடர்பு சரியாகாது, திரையில் குப்பை எழுத்துதான் வரும். தயவுசெய்து அந்த வேலையை என் பெட்டியில் செய்ய வேண்டாம்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கட்டணத்தைத் திரும்பப் பெற என் கார்டு வங்கியிடம் போவேன். ரசீது, உங்கள் மூன்று மின்னஞ்சல்கள், படங்கள் எல்லாம் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்