ஒன்றரை ஆள் மட்டும் குளிக்க முடிகிற குடும்பக் குளியல் செட்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: வேன் குளியல் செட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தருவது தொடர்பாக

வணக்கம்.

மூன்று மாதத்துக்கு முன்பு உங்களிடம் வாங்கிய குளியல் செட் பற்றி இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் போட்டீர்கள், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில்களைப் படித்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, அதனால் இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் விடுமுறைக்கு மட்டும் வேன் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இல்லை. நான், கணவர், ஏழு வயது மகள், நான்கு வயது மகன் என நான்கு பேரும் இரண்டு வருடமாக வேனிலேயேதான் குடியிருக்கிறோம். உங்கள் செட் வருவதற்கு முன்பும் நாங்கள் நாறிக்கொண்டு திரியவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் வெந்நீர், ஒரு பேசின், இரண்டு சின்னத் துணி, அதில் ஒன்று சோப்புக்கு, இன்னொன்று துடைத்தெடுக்க. முகம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, கடைசியாகப் பாதம். இந்த வரிசை மாறவே மாறாது, பாதம் கழுவாமல் யாரும் மெத்தையில் கால் வைக்கவும் முடியாது. துணிகளை மூடி போட்ட வாளியில் சோப்புத் தண்ணீரோடு அடைத்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தால் பாதித் துவையலை ரோட்டுக் குலுக்கலே பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு அடங்காத ஒரே விஷயம் மகளின் தலைமுடி. இடுப்பு வரை தொங்கும் அடர்த்தியான முடி, அதை இரண்டு லிட்டரில் அலசி எடுக்க யாராலும் ஆகாது. வெட்டிவிடலாம் என்றால் அவள் அழுகிறாள். உண்மையைச் சொன்னால் உங்கள் செட்டை வாங்கியதே அந்த முடிக்காகத்தான்.

பெட்டியின் மேல் நீங்கள் அச்சடித்திருப்பது: "நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரே நிரப்பலில் முழுக் குளியல்." உள்ளே இருந்தது 40 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் பம்ப், 300 வாட் ஹீட்டர், மடக்கு டிரே, திரை, அப்புறம் 15 லிட்டர் கழிவுநீர்த் தொட்டி. மறுபடியும் எழுதுகிறேன், வருவது 40, போக இடம் 15. நான்கு பேருக்கு 40 லிட்டர் என்றால் ஆளுக்கு 10. அப்படியானால் கழிவுநீர்த் தொட்டி நிரம்புவதற்குள் ஒன்றரை ஆள் குளிக்கலாம். வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதது என் தப்பு. ஆனால் வடிவமைத்தவரும் போடவில்லையே.

அந்த அரை ஆள் என் மகள். முதல் நாள் ராத்திரி, வெளியே நல்ல மழை. மகனை முதலில் குளிப்பாட்டி முடித்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அடுத்து மகள் நின்றாள், முடியை நனைத்து, ஷாம்பூ போட்டு நன்றாக நுரை வந்த நேரத்தில் பம்ப் நின்றுவிட்டது. ஃபியூஸ் போய்விட்டதா, பேட்டரியா, வயர் கழன்றுவிட்டதா என்று கணவர் டார்ச்சோடு தவழ்ந்து தவழ்ந்து தேடினார். பிறகு கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் மிதவை சுவிட்ச் பம்பைத் தானாக நிறுத்திவிடும். அந்த நேரத்தில் நல்ல தண்ணீர்த் தொட்டியில் 25 லிட்டர், அதுவும் பாதி மதியம் செலவழித்துச் சூடாக்கிய தண்ணீர், சும்மா உட்கார்ந்திருக்கிறது. எங்களால் தொட முடியவில்லை. தொட்டி வாயில் கை நுழையாது, மக்கும் நுழையாது. கடைசியில் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை எடுத்து, பின்கதவைத் திறந்து, பிள்ளையை வாளியின் மேல் குனிய வைத்து ஊற்றினோம். கண்ணில் நுரை, முதுகில் சாரல், தண்ணீரோ பச்சைத் தண்ணீர். அன்றிலிருந்து திரையைத் தொங்கவிட்டாலே "நான் வரமாட்டேன்" என்று முன் சீட்டுக்குப் போய்விடுகிறாள்.

இதை எழுதித்தான் முதல் கடிதம் போட்டேன். உங்கள் பதில்: இயற்கையில் மட்கும் சோப்பைப் பயன்படுத்துங்கள், வடிகால் குழாயைத் திறந்து அங்கேயே தரையில் விட்டுவிடலாம். இதை எழுதியவர் ஒரு நாளாவது வேனில் தங்கியிருக்கிறாரா? கழிவுநீரைத் தரையில் கொட்டக் கூடாது என்று எத்தனையோ நிறுத்துமிடங்களில் போர்டே வைத்திருக்கிறார்கள், மீறிக் கொட்டினால் கிளப்பிவிடுவார்கள். எங்களைப் பார்த்து அடுத்து வரும் வேன்களையும் சேர்த்து விரட்டுவார்கள். சோப்பு விஷயமும் நீங்கள் நினைப்பது போல இல்லை. மட்கும் சோப்பு மட்குவதற்கு மண் வேண்டும், மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் அதைச் சிதைக்கின்றன. ஓடையிலோ ஏரியிலோ நேராகக் கலந்தால் அதுவும் மீனுக்கும் பூச்சிக்கும் கெடுதல்தான். அதனால்தான் நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளிப் போய் ஊற்றச் சொல்கிறார்கள். மழை ராத்திரியில் 15 லிட்டரைத் தூக்கிக்கொண்டு 60 மீட்டர் நடக்கச் சொல்கிறீர்களா, அதுவும் தலையில் நுரையோடு ஒரு பிள்ளை நிற்கும்போது?

இரண்டாவது பதில் இன்னும் மோசம். பெரிய கழிவுநீர்த் தொட்டி வைத்தால் வண்டியின் எடை கூடிவிடுமாம், எங்கள் பாதுகாப்பை நினைத்துத்தான் 15 லிட்டராம். கேட்கும்போது சரி என்றுதான் தோன்றுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, வேனில் எடை பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் நல்ல தொட்டியிலிருந்து குறைவதுதானே கழிவுத் தொட்டியில் சேர்கிறது! 40 கிலோ தண்ணீர் இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போகும், மொத்தம் அதே 40தான். கூடுவது காலித் தொட்டியின் எடை மட்டும், அது ஒன்றிரண்டு கிலோ இருக்குமா?

அடுத்து ஹீட்டர். "15 நிமிடத்தில் வெதுவெதுப்பான குளியல்" என்று போட்டிருக்கிறீர்கள். வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், ஆரம்பத்தில் 18 டிகிரி, 15 நிமிடம் கழித்து 19 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஹீட்டர் பழுது இல்லை, கணக்கே அதுதான். 40 லிட்டரை 20 டிகிரி உயர்த்தக் கிட்டத்தட்ட 930 வாட்-மணி மின்சாரம் வேண்டும், 300 வாட்டில் அது மூன்று மணி நேரத்துக்கு மேல். எங்கள் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் முக்கால் பங்கு காலி. ஒரு குளியலுக்கு அவ்வளவையும் கொடுத்துவிட்டு ராத்திரி விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் என்ன செய்வது? அடுப்பில் ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தொட்டியில் கலக்கலாம் என்றால், தொட்டியில் வெந்நீர் ஊற்றக் கூடாது என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கிறீர்கள்.

அந்தத் தொட்டியைக் கழுவுவது எப்படி என்று கையேட்டில் ஒரு வரி கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 முதல் 45 டிகிரி வரை தேங்கி நிற்கும் தண்ணீர் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளர ஏற்ற இடம், ஷவரில் பறக்கும் நுண் துளிகளோடு அது நுரையீரலுக்குள் போகும். அரைகுறை வெப்பத்தில் தண்ணீரை வைக்கிற ஒரு பொருளை, கை விட்டுத் தேய்க்க முடியாத வாயோடு, பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு என்று விற்கிறீர்கள். மிச்சத் தண்ணீரை அன்றன்றே வடித்துவிடுங்கள் என்றாவது எழுதியிருக்கலாம்.

டிரேயைப் பற்றி. வடிகால் ஓட்டை ஒரே ஒரு மூலையில், விளிம்பு உயரம் இரண்டு விரல் கூட இல்லை. வேன் நிற்கிற இடம் எங்காவது சமமாக இருக்குமா? ஓட்டை இருக்கும் மூலை மேடாகிவிட்டால் தண்ணீர் எதிர் மூலையில் தேங்கி வழிகிறது. எங்கள் வண்டியில் அது போய் நின்ற இடம் மெத்தைக்கு அடியில். பத்து நாள் கழித்து ஏதோ வாடை அடிக்கிறதே என்று பலகையைத் தூக்கினால் கீழ்ப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சை. நான்கு பேர் மூச்சு விட்டாலே காலையில் கண்ணாடியெல்லாம் நனைந்திருக்கும். ஈரத்தோடு சண்டை போடுவதே எங்களுக்கு தினசரி வேலை, அதில் நீங்கள் வேறு. இரண்டு நாள் மெத்தையை வெயிலில் போட்டு, பலகையைத் தேய்த்துக் காய வைத்தோம், மகனுக்கு ஒரு வாரம் இருமல். இருமலுக்கு டிரேதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, பூஞ்சைக்கு அதுதான் காரணம்.

நான் கேட்பது இது. முழுப் பணத்தையும் 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். பம்பும் திரையும் நன்றாக இருக்கின்றன, வேண்டுமென்றால் அவற்றுக்கு உரியதைக் கழித்துக்கொள்ளுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம். வேறு மாடல் தருகிறோம், அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று மட்டும் எழுதாதீர்கள். பெட்டியின் மேல் இருக்கிற அந்த "நான்கு பேர்" வரியையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கழிவுநீர்த் தொட்டி 15 லிட்டர் என்பதை அதே அளவு எழுத்தில் அதற்குப் பக்கத்திலேயே போடுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் பில், படங்கள், உங்கள் இரண்டு பதில்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர்ப்பில் புகார் கொடுத்துவிடுவேன்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் கூப்பிட்டால் பாதி நேரம் சிக்னல் இருக்காது. பொருளை எடுத்துப்போக ஆள் அனுப்ப எங்களுக்கு நிலையான முகவரி கிடையாது, நாங்கள் போகிற வழியில் உங்கள் கிளை எங்கே இருக்கிறது என்று சொன்னால் நாங்களே கொண்டுவந்து இறக்கிவிடுகிறோம். தொட்டி இரண்டையும் கழுவிக் காய வைத்துத்தான் தருவோம், பெரிய தொட்டியின் உள்பக்கம் மட்டும் உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
இன்னும் பேசினில்தான் குளித்துக்கொண்டிருக்கும் உங்கள் வாடிக்கையாளர்