பத்துப் புள்ளி எடுக்காதவருக்கு எதற்கு இடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகளில் உள்ள மாற்று சென்டர்களைப் பற்றி, அதாவது கூடையருகே நின்று காக்கும் உயரமான ஆளுக்கு மாற்றாக இருப்பவர்களைப் பற்றி, உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டத்துக்கு நாலைந்து புள்ளி மட்டும் எடுக்கும் ஏழடி ஆளுக்கு 15 பேர் பட்டியலில் ஓர் இடத்தைக் கொடுப்பது வீண், அந்த இடத்துக்குத் தூரத்திலிருந்து எறியத் தெரிந்த ஒருவரை எடுக்கலாம் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அங்கே பல அணி நிர்வாகங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. அதனால் அவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கணக்கு தப்பு.

2025-இன் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியையே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி தொடக்கத்தில் ஆன்டனி டேவிஸை டாலஸுக்குக் கொடுத்து லூகா டான்சிச்சை வாங்கினார்கள். கூடைப்பந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்த பரிமாற்றம் அது. வந்தவரைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். போனவர்தான் அந்த அணியின் கூடையைக் காத்தவர். இது நிர்வாகத்துக்குத் தெரியாமல் இல்லை. சில நாட்களுக்குள் சார்லட்டிடமிருந்து மார்க் வில்லியம்ஸ் என்ற இளம் சென்டரை வாங்கினார்கள். மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று அதை ரத்தும் செய்தார்கள். அதற்குள் பரிமாற்றக் கெடு முடிந்துவிட்டது. கையில் மிஞ்சிய முதன்மை சென்டர் ஜாக்சன் ஹேய்ஸ் ஒருவர்தான். அவருக்குத் துணையாக, வேறு அணி விடுவித்திருந்த அலெக்ஸ் லென்னை எடுத்துப் போட்டார்கள்.

கோப்பைக்கான இறுதிக்கட்டமான பிளேஆஃபின் முதல் சுற்றில் எதிரே மினசோட்டா. நான்காவது ஆட்டத்தின் இரண்டாம் பாதி 24 நிமிடத்தையும் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக் ஒரே ஐந்து பேரை வைத்து ஓட்டினார். அதில் சென்டர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. கடைசிக் கால் பகுதியைப் பத்துப் புள்ளி முன்னிலையோடு தொடங்கியவர்கள் 116-113 என்று தோற்றார்கள். நாற்பது வயது லெப்ரான் ஜேம்ஸ் அந்தக் கடைசிப் பகுதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பாதி ஆட்டம் முழுக்கத் தன்னைவிடக் கனமான ஆட்களோடு முட்டி மோதிவிட்டு, அப்புறம் எதிர்ப்பக்கம் ஓடிப்போய்ப் புள்ளியும் எடுக்க வேண்டும் என்றால் எந்தக் கால் தாங்கும்?

அடுத்த ஆட்டம் இன்னும் மோசம். மினசோட்டா அன்று 47 மூன்று புள்ளி எறிதல்களில் 7 மட்டுமே போட்டது. நாற்பது முறை தவறியது! இப்படி எறிகிற அணி எந்த ஊரிலும் தோற்றுத்தான் போக வேண்டும். அன்று தோற்கவில்லை. முந்தைய நான்கு ஆட்டங்களில் பெரிதாக ஒன்றும் செய்யாத ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (எறிந்து தவறிய பந்தைப் பிடிப்பது) எடுத்தார். தவறி விழுகிற பந்தை அவரே எம்பிப் பிடித்து அவரே கூடைக்குள் திணித்தார். தடுக்க உயரமும் இல்லை, உடம்பும் இல்லை. 103-96. தொடர் 4-1 என்று முடிந்தது.

ஹேய்ஸ் இருந்தாரே, அவரை உட்கார வைத்தது பயிற்சியாளரின் குற்றம்தானே என்று கேட்கலாம். பாதி சரி. முதல் நான்கு ஆட்டங்களைத் தொடங்கிய அவர் ஐந்தாவது ஆட்டத்தில் களமிறங்கவே இல்லை. ஆனால் ஒரு சென்டர் எடுபடவில்லை என்றால் நம்பி இறக்க இன்னொருவர் வேண்டாமா? கட்டுரையாளர் வீண் என்கிற அந்த ஆள் இல்லாமல்தான் அந்தத் தொடர் போனது.

அப்படிப்பட்டவர் என்னதான் செய்கிறார்? ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அந்தப் பெரிய ஆளை மட்டும் பார்த்தால் தெரியும். எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் கார்ட், தன் அணி ஆள் வழிமறித்து நின்று போடும் தடுப்பான ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்கிறார். சென்டர் அவரைத் துரத்தி வெளியே போவதில்லை. கூடைக்கு முன்னால் பின்வாங்கி, கையைத் தூக்கிக்கொண்டு, பந்தோடு வருகிறவருக்கும் ஸ்கிரீன் போட்டுவிட்டு ஓடிவருகிறவருக்கும் நடுவில் நிற்கிறார். இருவரில் யாரைத் தடுக்கப் போகிறார் என்பதைக் கடைசி நொடி வரை காட்டிக்கொடுக்கக் கூடாது. கார்ட் ஒரு கணம் தயங்குகிறார், பந்தை மூலைக்குத் தள்ளிவிடுகிறார். தாக்குதலுக்கு இருக்கும் 24 வினாடியில் பத்து போய்விட்டது, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கு ஸ்கோர் அட்டையில் கட்டமே கிடையாது.

இதை மரம் மாதிரி நின்றுகொண்டும் செய்ய முடியாது. யாரையும் நெருங்கிக் காக்காமல் மூன்று வினாடிக்கு மேல் கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் நிற்கக் கூடாது என்று 2001-02 பருவத்திலிருந்து விதி இருக்கிறது. அதனால் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று ஆட்டம் முழுக்கக் கணக்கு வைத்தபடி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நேராக மேலே எம்பினால் ஃபவுல் இல்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் விசில்.

லூக் கார்னெட் என்று ஒருவர் இருக்கிறார். ஏழடிக்கு மேல் உயரம், ஆனால் நட்சத்திரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாஸ்டனில் இருந்தபோது ஒரு வேடிக்கை செய்வார்: எதிரணி ஆள் தூரத்திலிருந்து எறியும்போது, அவர் அருகே ஓடாமல், கூடைப் பக்கம் நின்ற இடத்திலேயே கையை உயர்த்தி எம்புவார். பந்தைத் தொட முடியாது, எறிகிறவரின் கண்ணுக்குக் கூடை மறையும், அவ்வளவுதான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். 2025 மே மாதம் நியூயார்க்குடனான இரண்டாம் சுற்றில் பாஸ்டன் 3-1 என்று பின்தங்கியிருந்தது. அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டத்துக்குக் குதிகால் தசைநாண் அறுந்து அவர் இல்லை. உடல்நிலை சரியில்லாத சென்டர் போர்சிங்கிஸை இடைவேளையோடு உட்கார வைத்துவிட்டு, சமநிலையில் இருந்த ஆட்டத்தில் கார்னெட்டை இறக்கினார்கள். அன்று அவர் கணக்கில் 10 புள்ளி, 9 ரீபவுண்ட், 7 ப்ளாக் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது). பாஸ்டன் 127-102 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் தோற்று வெளியேறினார்கள் என்பது வேறு விஷயம். வரம்பு மீறிய அணிச் சம்பளத்துக்கான வரிச் சுமையைக் குறைக்க வேண்டிய நிலையில் பாஸ்டன் அவரை விட்டுவிட, சான் ஆன்டோனியோ நான்கு ஆண்டுக்குச் சுமார் 4.1 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. அங்கே நட்சத்திர சென்டர் விக்டர் வெம்பன்யாமா இருக்கிறார், அவருக்கு மாற்று! பட்டியலில் வெம்பன்யாமாவே இருக்கும்போது இன்னொரு உயரமான ஆளுக்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்டவர்கள், அந்த ஆண்டு பிப்ரவரியில் அவருக்குத் தோளில் ரத்தக்கட்டி வந்து பருவமே முடிந்துபோனதை மறந்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வருவதற்குச் சில நாள் முன்புதான் சான் ஆன்டோனியோ பிஸ்மாக் பியோம்போ என்ற சென்டரைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் அழைத்திருந்தது. காங்கோவைச் சேர்ந்த இந்த மனிதரின் கடைசிச் சில ஆண்டுகளைப் பார்த்தாலே அணிகள் எப்படி யோசிக்கின்றன என்பது புரிந்துவிடும். 2022 ஜனவரியில் ஃபீனிக்ஸ் அவரை அழைத்ததும் பத்து நாளுக்குத்தான். (அந்தப் பருவச் சம்பளத்தை, மறைந்த தந்தையின் நினைவாகக் காங்கோவில் ஒரு மருத்துவமனை கட்டுவதற்கு அவர் கொடுத்துவிட்டார்.) 2023-இல் தன் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸுக்கு முழங்கால் போனதும் மெம்பிஸ் கூப்பிட்டது, ஜனவரியில் விட்டுவிட்டது. அடுத்த மாதமே ஓக்லஹோமா சிட்டி எடுத்துக்கொண்டது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற இந்த வழக்கம்தான் எனக்குப் புரியவில்லை. பத்து நாள் ஒப்பந்தமே ஜனவரி 5-க்குப் பிறகுதான் போட முடியும். மார்ச் 1-க்குப் பிறகு வேறு அணி விடுவித்த ஆளைப் பிளேஆஃபில் ஆட வைக்க முடியாது. இந்த இடுக்கில் வருகிறவர் அணியின் தடுப்பாட்டக் கூப்பாடுகளைப் படிப்பதற்குள் பருவம் முடிந்துவிடும். இந்த வேலையில் பாதி, பின்னால் நின்று மற்ற நான்கு பேருக்கும் கத்திச் சொல்வதுதான்.

இதே லேக்கர்ஸ் 2019-இல் சரியாகச் செய்தார்கள். ஆகஸ்டில் சென்டர் டிமார்கஸ் கசின்ஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. உடனே டுவைட் ஹோவர்டை, உத்தரவாதமில்லாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். முன்பு அந்த அணியிலிருந்து கசப்போடு போனவர், முந்தைய பருவத்தில் ஒன்பதே ஆட்டம் ஆடியவர், முதுகு அறுவை செய்துகொண்டவர். ஊரே சிரித்தது. அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 19 நிமிடம்கூட ஆடவில்லை. ஆனால் மேற்குப் பிரிவு இறுதியில் டென்வரின் நிகோலா யோகிச்சை முட்டி நிறுத்த அவர்தான் வந்தார். நான்காவது ஆட்டத்தில் தொடக்க ஐந்திலேயே இறங்கி 12 புள்ளி, 11 ரீபவுண்ட் எடுத்தார். 2020 அக்டோபரில் கோப்பை வந்தது. அடுத்த பருவத்துக்கு முன் ஒப்பந்தம் முடிந்த அவரைப் போகவிட்டார்கள், தொடக்க சென்டர் மெக்கீயையும் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் சுற்றிலேயே வெளியே. அதற்கு டேவிஸின் காயமும் காரணம், இல்லை என்று சொல்லவில்லை.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இவர்களுக்கு அதிகம் கொடுத்தால் அணி கெடும். 2016 பிளேஆஃபில் டொரன்டோவின் சென்டர் வலன்சியூனாஸ் காயப்பட்டபோது, ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டாலர் வாங்கிய பியோம்போ உள்ளே வந்து கிளீவ்லாந்துக்கு எதிரே ஒரே ஆட்டத்தில் 26 ரீபவுண்ட் எடுத்தார். அதைப் பார்த்து மயங்கிய ஒர்லாண்டோ நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. ஏற்கெனவே வூசெவிச் என்ற சென்டர் இருந்த அணி அது! இரண்டே ஆண்டில் அவரை வேறிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைப் போடத் திணறுவார், வெளியிலிருந்து எறியமாட்டார், அதனால் எதிரணி அவரை விட்டுவிட்டு மற்றவர்களை நெருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு இதைத் தாங்கலாம், முப்பது நிமிடத்துக்கு முடியாது. ஆக, குறைந்தபட்சச் சம்பளத்திலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ, பருவம் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டிய ஆள் இப்படிப்பட்டவர்.

ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையோடு வந்த அட்டவணையில் ஒவ்வொருவரின் புள்ளி சராசரி மட்டும்தான் இருந்தது. அவர் களத்தில் இருக்கும்போது எதிரணி கூடையருகே எத்தனை முறை எறிந்தது, அதில் எத்தனை விழுந்தது என்ற கணக்கை என்பிஏவின் சொந்த இணையதளத்திலேயே பார்க்கலாம். அடுத்த முறை அதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துப் போடுங்கள். கட்டுரையாளரோடு சண்டை போட எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்