தாளைப் பார்க்காமல் ரொக்கெட் கட்டும் மகனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். இரண்டு ரொக்கெட் கிட்டுகளின் சாமான்களைக் கலந்து, செய்முறைத் தாளைப் பார்க்காமல் பேரனோடு சேர்ந்து ஒன்று கட்டப்போவதாகச் சொன்னாய். தாராளமாகச் செய். செட்டையின் வடிவம், குழாயின் நீளம், நிறம் எல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் தாளை எழுதினவர்கள் உங்களுக்காகச் சில கணக்குகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தாளை ஒதுக்கினால் அந்தக் கணக்கு உன் பொறுப்பாகிவிடும்.

முதலில் மோட்டார், அதாவது ரொக்கெட்டைத் தள்ளும் மருந்து அடைத்த சிறு குழாய். அதில் மட்டும் கை வைக்கவே கூடாது. வெட்டுவது, துளைப்பது, மருந்து நிரப்புவது எதுவும் வேண்டாம். வாங்கினபடியே ஒரு தரம் பாவித்துவிட்டு எறி. சி6-5 என்று இருந்தால் சி மொத்தக் கணத்தாக்கின் (உந்துதலும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவின்) வகுப்பு, 6 சராசரி உந்துதல் நியூட்டனில், 5 எரிந்து முடிந்து பரசூட்டைத் தள்ளும் வரையான செக்கன்கள். உந்துதல் எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். ஆகவே 6 நியூட்டனுக்கு ரொக்கெட்டின் முழு எடை 120 கிராமுக்குள் நிற்கட்டும். மோட்டார் பொதியில் அதைவிடக் குறைந்த எடை போட்டிருந்தால் அதுதான் எல்லை. நீ பாரத்தைக் கூட்டினால் ரொக்கெட் சீக்கிரமே உச்சிக்கு வந்து திரும்பிவிடும். அப்போது 5 செக்கன் பிந்திவிடும், சி6-3 தான் பொருத்தம்.

மோட்டார் முன்னுக்கு ஓடாமல் தடுக்கும் வளையத்தைச் சரியான இடத்தில் ஒட்டு. 18 மில்லிமீற்றர் மோட்டார் 70 மில்லிமீற்றர் நீளம். பின்னால் 6 மில்லிமீற்றர் வெளியே நிற்க வேண்டுமென்றால் வளையம் குழாயின் பின்விளிம்பிலிருந்து 64 இல் இருக்க வேண்டும். எரிந்து முடிந்த மோட்டார்க் கூட்டில் 64 இல் கோடு போட்டு, அதாலேயே வளையத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உடனே வெளியே இழு. நடுவில் நின்றால் மரப்பசை ஈரத்தில் மட்டை ஊதி, சில செக்கன்களிலேயே வளையம் பாதிவழியில் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் கொக்கியும் அவசியம். இல்லாவிட்டால் பரசூட்டைத் தள்ளவேண்டிய வெடிப்பு மோட்டாரைப் பின்னால் துப்பிவிடும், ரொக்கெட் ஈட்டிமாதிரி நிலத்தில் குத்தும்.

செட்டைக்குப் பால்சா மரம் வெட்டும்போது நாரோட்டத்தைப் பார். நார் முன்விளிம்போடு போக வேண்டும். குழாயோடு சமாந்தரமாகப் போனால், இறங்கி நிலத்தில் பட்டதும் அடியோடு பிளந்துவிடும். குழாயில் நேர்கோடு போட அதைக் கதவு நிலையின் மூலையில் படுக்கவைத்து, மரவிளிம்பு வழியாகப் பென்சிலை இழு. ஒட்டும் விளிம்பில் மெல்லியதாகப் பசை பூசிக் காயவிட்டு, திரும்பப் பூசி ஒட்டினால் பிடி கெட்டி. காய்ந்தபின் மூலையில் பசையை விரலால் வழித்துவிடு.

இனி நீ அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம். ரொக்கெட் சமநிலையில் நிற்கும் இடமான புவியீர்ப்பு மையம், காற்று தள்ளும் அமுக்க மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு குழாய் விட்டம் முன்னால். 25 மில்லிமீற்றர் குழாய் என்றால் 25 மில்லிமீற்றர். பின்னால் போனால் ஏவுகம்பியை விட்டதும் தலைகீழாகச் சுழலும், யார் பக்கம் வருமென்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று விட்டத்துக்கு மேல் போனாலும் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து ஓடிவிடும்.

புவியீர்ப்பு மையத்தைப் பார்க்க, எரியாத மோட்டார், பரசூட், தீப்பிடிக்காத தாள் எல்லாம் உள்ளே வைத்து நூலில் தொங்கவிட்டு, கிடையாக நிற்கும் இடத்தைக் குறி. வெறும் கூட்டை நிறுத்துப் பயனில்லை: ஏ8 மோட்டார் சுமார் 16 கிராம், சி6 சுமார் 24. ஏ-யில் நேராகப் போனது சி-யில் சுழலுவதற்கு வாலில் ஏறும் இந்தப் பாரம்தான் காரணம். அமுக்க மையத்துக்கு, பக்கத்தோற்றத்தை அதே அளவில் மட்டையில் வெட்டி, அடிமட்ட விளிம்பில் சமநிலைப்படுத்து. இந்த முறை மையத்தை உண்மையைவிட முன்னால் காட்டும். பிழை பாதுகாப்பான பக்கமே. துல்லியம் வேண்டுமென்றால் 1960களில் ஜேம்ஸ் பாரோமன் கொடுத்த சமன்பாடுகள் உள்ளன. ஓப்பன்ராக்கெட் மென்பொருளும் அவற்றைக் கொண்டே கணிக்கிறது, காசில்லை.

இரண்டு மையங்களுக்கும் இடைவெளி குறைவாக வந்தால் மூக்கில் களிமண் வை, அல்லது குழாயை நீட்டு, அல்லது செட்டையைப் பெரிதாக்கிப் பின்னே தள்ளு. பட்டத்துக்கு வாலைக் கூட்டுகிற அதே வேலைதான். களிமண் பாரம் கூட்டுவதால் எனக்கு நீட்டுவதே பிடிக்கும். பிறகு புவியீர்ப்பு மையத்தில் 2 மீற்றர் நூலைக் கட்டி, டேப்பால் இறுக்கி, தலைக்கு மேல் சுற்று. மூக்கு முன்னே பார்த்தபடி வந்தால்தான் ஏவு.

பரசூட் பற்றி: மூக்கையும் குழாயையும் இணைக்கும் இறப்பர் நாடா குழாயைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். குட்டையானால் மூக்கு திரும்பி வந்து குழாயைக் கிழிக்கும். தீப்பிடிக்காத தாள் மூன்று நான்கைக் கசக்கி, இறுக்காமல் போடு. குறைந்தால் பரசூட் உருகிக் கட்டியாகும். மூக்கு கவிழ்த்தால் விழக்கூடாது, மெல்ல இழுத்தால் வர வேண்டும். ஈரக்காற்றில் மட்டை ஊதும், ஆகவே இதை ஏவும் திடலிலேயே சோதி.

ஏவும்போது எல்லோரும் 5 மீற்றருக்கு அப்பால். தீப்பிடிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றி, 60 செக்கன் கழியும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது. பேரனை இதில் கண்டிப்பாகப் பழக்கு.

செட்டைகளை ஒட்டாமல், டேப்பால் பிடித்துவைத்து இரண்டு மையங்களையும் அள. மூக்கு நுனியிலிருந்து மில்லிமீற்றரில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பு, நானும் ஒருதரம் பார்க்கிறேன். பசை அதற்குப் பிறகு.

அன்புடன்,
அம்மா