நடுவர்களே, இரண்டாவது மடக்கையும் குடியுங்கள்

பீர் சுவைப் போட்டி நடுவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஒரு போட்டிக்கு நான் காய்ச்சி அனுப்பிய ஆல்ட்பியர் என்ற பீர் மதிப்பெண் தாளோடு திரும்பி வந்தது. அதில் இரண்டே வரி: "ஏலுக்குரிய பழ வாசனை போதவில்லை. கசப்பு தூக்கல்." (ஏல் என்றால் வெதுவெதுப்பில், மேலே எழும் ஈஸ்டால் நொதிக்கும் பீர்.) தோற்றதற்காக இதை எழுதவில்லை (வருத்தம் உண்டு, பொய் சொல்வானேன்). நீங்கள் குறை என்று எழுதிய இரண்டுமே அந்த பீரின் குணம்.

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்துச் சரக்கு இது. ஆல்ட் என்றால் பழையது. குளிரில், அடியில் தங்கும் ஈஸ்டால் நொதிக்கும் லாகர் ஊரெல்லாம் பரவிய பிறகும் மேல் நொதிப்பு ஈஸ்டை விட்டுக்கொடுக்காத பழைய முறை என்று பொருள். ஈஸ்ட் ஏலுடையது, ஆனால் மற்ற ஏல்களைவிடக் குளிர்ச்சியாக நொதிக்கவிட்டு, பிறகு லாகரைப் போல உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் கிடத்திவைப்பார்கள். குளிரில் நிதானமாக வேலை செய்யும் ஈஸ்ட், பழ வாசனை தரும் எஸ்டர்களைக் குறைவாகத்தான் உண்டாக்கும். அதில் வாழைப்பழத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கசப்புக்கு வருகிறேன். நீங்கள் கையில் வைத்திருக்கும் பிஜேசிபி (பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு) கையேடே ஆல்ட்பியருக்கு 25 முதல் 50 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) வரை இடம் தருகிறது. முதல் மடக்கில் நாக்கு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது மடக்கில் ரொட்டியின் மேலோடு, வறுத்த பருப்பு என்று மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவை மெல்ல எழுந்து வரும். கடைசியில் இனிப்பு தங்காமல் வாய் உலர்ந்துவிடும். அந்த உலர்வுதான் அடுத்த மடக்குக்குக் கூப்பிடுகிறது. டுசல்டோர்ஃபில் கால் லிட்டர் குவளையில் ஊற்றுவார்கள். குவளைமேல் அட்டையை வைத்து மூடும்வரை பரிமாறுபவர் அடுத்ததைக் கொண்டுவந்தபடியே இருப்பார். நீங்களோ ஐஸ்போல் குளிர்ந்த இரண்டு விரற்கடை பீரை உறிஞ்சிவிட்டுப் பேனாவை எடுக்கிறீர்கள்!

அதே கையேட்டின் 2008 பதிப்பில் இதை 'கலப்பு பீர்' என்ற வகையில் கலிபோர்னியா காமன் என்ற அமெரிக்க பீரோடு சேர்த்திருந்தார்கள். அதுவோ நேர்மாறு: லாகர் ஈஸ்டை வெதுவெதுப்பில் நொதிக்கவிடுவது. 2015இல் அந்த வகையையே எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். கலப்பு என்று கேட்டதுமே பாதி ஏல், பாதி லாகர் என்று நாக்கு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். கசப்பு மிகுந்த ஐபிஏ பீர் குடித்த நாக்கோடு இதைத் தொடாதீர்கள். குவளையைச் சற்று நேரம் உள்ளங்கையில் பிடித்துக் குளிர் தணிய விடுங்கள். இரண்டாவது மடக்குக்குப் பிறகு மதிப்பெண் போடுங்கள்.

அடுத்த போட்டிக்கும் அதே பீரைத்தான் அனுப்புகிறேன். கசப்பு தரும் ஹாப் பூவில் ஒரு குந்துமணிகூடக் குறைக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
வீட்டில் பீர் காய்ச்சும் ஒருவன்