‘ஈட்’னா வெறும் ‘சாப்பிடு’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சாத்தூர்ல வீட்டு மாடியில சாயங்காலம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூசன் எடுக்குறேன். நம்ம பேப்பர்ல வாரா வாரம் வர்ற இங்கிலீஷ் பக்கத்தை வெட்டி நோட்டுல ஒட்டி வச்சுத்தான் பாதி பாடம் நடக்குது, அந்த உரிமையிலதான் இதை எழுதுறேன். போன வாரம் ‘ஈட்’டுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தீங்க. டிவவர், கன்ஸ்யூம், ஸ்வாலோ, மன்ச், டைன், கிரேஸ், எல்லாத்துக்கும் எதிர்ல ஒரே அர்த்தம், ‘சாப்பிடு’.

அதை மனப்பாடம் பண்ணின ஏழாவது படிக்கிற பிள்ளை ஒண்ணு ‘என் பாட்டி’ன்னு கட்டுரை எழுதுது, ‘மை கிராண்ட்மதர் டிவவர்ஸ் டூ இட்லிஸ் எவ்ரி மார்னிங்’னு. பெரிய வார்த்தையா போட்டா மார்க் கூட வரும்னு நினைச்சிருக்கு. டிவவர்னா பசியெடுத்த புலி மானை மிச்சம் வைக்காம கிழிச்சு முழுங்குற மாதிரி, அப்படி ஒரு வேகம், ஒரு வெறி. அந்தப் பாட்டியை எனக்கு நல்லாத் தெரியும், வாயில ஒரு பல்லு கிடையாது, இட்லியைப் பிட்டு பால்ல ஊறப்போட்டு திண்ணையில உக்காந்து அரை மணி நேரம் குதப்பிக்கிட்டே இருப்பாங்க. ஸ்கூல்ல அந்த வார்த்தையை சிவப்பு மையில வட்டம் போட்டு அனுப்பிட்டாங்க, ஏன் தப்புன்னு ஒரு வரி எழுதல. பிள்ளை அழுதுக்கிட்டே வந்து ‘அக்கா, பேப்பர்லயே சாப்பிடுன்னுதான போட்டிருக்கு’ன்னு நோட்டை நீட்டுது, எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

நாம சோறு சாப்பிடுறோம், முறுக்கு திங்கிறோம், கடலையைக் கொறிக்கிறோம், மாத்திரையை முழுங்குறோம், வெத்தலையை மெல்லுறோம். இதெல்லாம் ஒண்ணுன்னு எந்தப் பிள்ளையும் நினைக்காது, பேசிப் பேசியே அதுக்குத் தெரியும். இங்கிலீஷ்லயும் அதே கதைதான். மன்ச்னா கறுக்கு மொறுக்குன்னு சத்தம் வர மெல்லுறது, வுல்ஃப் டவுன்னா ஓநாய் மாதிரி அள்ளிப் போட்டுக்குறது, பிக் அட்னா பசியில்லாத பிள்ளை சோத்தைக் கிளறிக்கிட்டே உக்காந்திருக்குமே அது, டைன்னா மேசை போட்டு மரியாதையா ராத்திரி விருந்து. நம்ம ‘சாப்பிடு’வோட அகலமும் அதுக்குக் கிடையாது. நாம காபி சாப்பிடுவோம், மருந்து சாப்பிடுவோம், அங்க காபிக்கு ட்ரிங்க், மருந்துக்கு டேக். சூப் மட்டும் தட்டுல ஊத்தி ஸ்பூனால குடிச்சா ஈட், கப்புல வாய் வச்சுக் குடிச்சா ட்ரிங்க்.

இன்னொண்ணு, வாயே இல்லாததும் ஈட் பண்ணும். ஏடிஎம் கார்டை முழுங்கிருச்சுன்னு நாம சொல்றதை அவங்க மெஷின் கார்டை ஈட் பண்ணிருச்சுன்னு சொல்லுவாங்க. இரும்பை ஆசிட் அரிக்கிறதுக்கு ஈட் அவே, சேமிப்பை வாடகை கரைக்கிறதுக்கு ஈட் இன்ட்டூ. யாராவது முகம் வாடி உக்காந்திருந்தா ‘வாட்ஸ் ஈட்டிங் யூ’ம்பாங்க, அதை ஒரு செல்போன் ஆப்ல போட்டா ‘உன்னை என்ன சாப்பிடுகிறது’ன்னு வருது, ‘எந்தக் கவலை உன்னை அரிக்குது’ன்னு வந்திருக்கணும். ரொம்ப ஏமாத்துறது ‘ஈட் யுவர் வேர்ட்ஸ்’. நம்மூர்ல ஒருத்தன் வார்த்தையை மென்னு முழுங்குறான்னா சொல்ல வந்ததை சொல்லாம தயங்குறான்னு அர்த்தம், அங்க அது நேர் வேற, சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டு வாபஸ் வாங்குறது. பிள்ளைங்க நம்ம அர்த்தத்தையே தூக்கி அங்க வச்சு எழுதிட்டு வருதுங்க, அதுங்க மேல என்ன குத்தம்?

கிரேஸ்க்கும் ‘சாப்பிடு’ன்னே போட்டது எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா இங்க பாதிப் பிள்ளைங்க வீட்டுல ஆடு இருக்கு. கிரேஸ்னா தலையைக் குனிஞ்சு தரையில புல்லு மேயுறது, மாடு செய்யுறது. ஆடு முன்னங்காலைத் தூக்கி வேலியில வச்சு குழையைக் கடிக்குமே அதுக்கு பிரவுஸ்னு தனியா வார்த்தை இருக்கு. செல்போன்ல இருக்குற பிரவுசர் அந்த வார்த்தையில இருந்து வந்ததுதான். நம்ம ஆளுங்களும் நெட்ல மேஞ்சுக்கிட்டு இருக்கான்னுதான சொல்றாங்க, இதைச் சொன்ன அன்னைக்கு ஒரு பிள்ளைகூட பிரவுஸை மறக்கல.

ஜெர்மன்ல மனுசன் சாப்பிட்டா எஸ்ஸன், மிருகம் தின்னா ஃப்ரெஸ்ஸன். மனுசனைப் பாத்து ஃப்ரெஸ்ஸன்னு சொன்னா நாம ‘தின்னுட்டியா’ன்னு கோவத்துல கேக்குற மாதிரி. பழைய இங்கிலீஷ்லயும் அதே மாதிரி ஜோடி இருந்துச்சு, எட்டான், ஃப்ரெட்டான்னு. முதல் வார்த்தைதான் இன்னைக்கு ஈட், ரெண்டாவது இன்னைக்கு ஃப்ரெட், அதுக்கு இப்ப அர்த்தம் கவலைப்படுறது. கவலை ஆளைத் தின்னுரும்னு நம்ம ஆத்தாமாருங்க சொல்றதும் அதுவும் ஒரே வழியில வந்து நிக்குது பாருங்க. இப்படி ஒரு வரி போட்டாப் போதும், பிள்ளைங்க உயிருள்ளவரை மறக்காது.

‘ஈட்’டோட இறந்தகாலமான ‘ஏட்’டுக்கு உச்சரிப்பும் ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருந்தீங்க. பிரிட்டிஷ்காரங்க நிறைய பேர் அதை ‘எட்’னுதான் சொல்றாங்க, பிரிட்டிஷ் டிக்சனரியில ரெண்டும் இருக்கு. ‘எட்’னு சொன்ன பிள்ளையைத் தப்புன்னு உக்கார வைக்கக் கூடாதுல்ல, அதனால ரெண்டையும் போடுங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பத்து வார்த்தை போடுற இடத்துல மூணு போடுங்க, யாரு திங்கிறா, எதைத் திங்கிறா, எப்படித் திங்கிறான்னு ஆளுக்கொரு வாக்கியம் சேத்துப் போடுங்க, முடிஞ்சா பக்கத்துல நம்ம வார்த்தையும், கொறி, மெல்லு, முழுங்கு, அரி, மேய்னு. வெறும் ‘சாப்பிடு’ வேண்டாம்.

அந்தப் பிள்ளை மறுநாள் வந்து ‘அக்கா, குதப்புறதுக்கு இங்கிலீஷ்ல என்ன’ன்னு கேட்டுச்சு. எனக்கு உடனே வரல, வீட்டுல இருக்குற பழைய பெரிய டிக்சனரியை எடுத்து ரெண்டு பேரும் தேடினோம். மம்பிள்னு இருக்கு. வாய்க்குள்ள முனகுறதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும், அதுக்குக் கீழ ரெண்டாவது அர்த்தமா பல்லில்லாத ஈறால மெல்லுறதுன்னு போட்டிருந்துச்சு. பிள்ளை டிவவரை அடிச்சிட்டு மம்பிள்னு எழுதிட்டுப் போயிருக்கு. ஸ்கூல்ல அதையும் வட்டம் போடுறதுக்குள்ள உங்க பக்கத்துல அந்த அர்த்தத்தை ஒரு தடவை போட்டுருங்க.

இப்படிக்கு,
டியூசன் டீச்சர்,
சாத்தூர்.