பெயர் கேட்கத் தவறிய இரவுப்பணிச் செவிலியருக்கு நன்றி

தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் அரிசி மணியளவே இருக்கும் 4 பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று வீங்கி, அளவுக்கு மீறிச் சுரந்து, எலும்பிலிருந்த கால்சியத்தை இரத்தத்தில் கலந்துகொண்டிருந்ததுதான் என் சிறுநீரகக் கற்களுக்கும் ஓயாத சோர்வுக்கும் காரணம் என்பது தெரியவே வெகுகாலம் ஆயிற்று. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சுரப்பியை எடுத்த 10 நிமிடங்களில் ஹார்மோன் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதை, கழுத்தைத் தைக்கும் முன்பே பரிசோதித்து உறுதி செய்துகொண்டதாக மருத்துவர் சொன்னார்.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது மறுநாள் இரவுக்காக. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததை மயக்க மருந்தின் மிச்சம் என்று எண்ணி, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமென்று (இந்த வீண் கூச்சம் என் பழைய குணம்) பேசாமல் படுத்திருந்தேன். இரத்த அழுத்தம் பார்க்க வந்த நீங்கள், நான் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, மருத்துவரை அழைத்து, உடனே இரத்தம் எடுத்து அனுப்பினீர்கள். கால்சியம் குறைந்திருந்தது. இத்தனை காலம் வேலையின்றி ஒடுங்கிக் கிடந்த மற்ற 3 சுரப்பிகள் விழித்துக்கொள்ளச் சில நாள்கள் பிடிக்கும், அதுவரை எலும்புகளும் பசியோடு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் என்று நீங்கள் பொறுமையாக விளக்கிய பிறகே என் அச்சம் தணிந்தது.

விடிந்து நான் கண்விழித்தபோது உங்கள் பணிநேரம் முடிந்திருந்தது. பெயரைக் கேட்டுவைக்காதது என் குறை. உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.