லேப்டாப்பைத் துடைக்கும் முன்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. "விண்டோஸ் 11-க்கு மாறணும்ப்பா, இருக்கிறதன் மேலேயே அப்டேட் கொடுத்துடவா, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடவா?" என்றாய். "புதுசாவே போடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரவு படுத்த பிறகு மனசு உறுத்தியது. அழிக்கச் சொன்னவன், எதை அழிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

சொன்னதில் மாற்றமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, மாறத்தான் வேண்டும். உன் லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அப்டேட்டே போதும் என்றிருப்பேன். ஆனால் படிக்கும் காலத்தில் போட்ட மென்பொருள், பாதி நீக்கிய ஆன்டிவைரஸ், இன்று உன்னிடம் இல்லாத பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் என்று ஏழு வருடச் சேர்மானம் உள்ளே கிடக்கிறது. அப்டேட் கொடுத்தால் அவ்வளவும் கூடவே வரும். பிறகு ஏதாவது தகராறு செய்தால், கோளாறு புதியதிலா பழையதிலா என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அப்டேட்டில் பழைய விண்டோஸ் ஒரு ஃபோல்டரில் ஒதுங்கியிருக்கும். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திரும்பிப் போகலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடும் க்ளீன் இன்ஸ்டாலில் அந்த வழி கிடையாது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன்னுடைய நான்கு வயது, ஐந்து வயதுப் படங்கள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தப் படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்கில் பத்திரமாக நகலெடுத்துவிட்டு, டிஸ்கைக் கழற்றாமலே விண்டோஸ் போட உட்கார்ந்தேன். இன்ஸ்டால் செய்யும் திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று எண்ணும் அளவும்தான் முன்னால் நின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. நான் இரண்டிலும் பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை, அழித்துவிட்டேன். வேறு நகல் இல்லை. உறவினர்களுக்கு மெயிலில் அனுப்பியிருந்த சில படங்கள்தான் மிஞ்சின. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. மன்னித்துவிடும்மா.

அதனால் நகல் எடுத்து முடித்ததும் டிஸ்கைக் கழற்றி வேறு அறையில் வை. அதற்கு முன், அதை இன்னொரு கணினியில் செருகி நாலைந்து ஃபைலைத் திறந்து பார். திறந்தால்தான் அது நகல். முக்கியமானவற்றுக்கு இரண்டாவது நகலும் இருக்கட்டும். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும்தான் விட்டுப்போகும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் உன் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று போனில் உள்ளே போய்ப் பார். அப்புறம், எழுத்துருக்கள். நான் உனக்குத் தட்டச்சு செய்து அனுப்பிய பழைய கடிதங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அதையும் எடுத்து வை.

கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அமைப்புகளான டிபிஎம்மையோ செக்யூர் பூட்டையோ மாற்றுவதாக இருந்தால், முதலில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரைத் திறக்கும் ரெகவரி கீ உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதிக்கொள். கணினி திடீரென்று அதைக் கேட்டு நிற்கலாம். விண்டோஸ் 11-ஐப் போட்ட பிறகு இந்தப் பூட்டு (என்கிரிப்ஷன்) தானாகவே இயங்கத் தொடங்கிவிட வாய்ப்புண்டு. அப்போது கீயும் புதிது, அதையும் எழுதிக்கொள்.

மற்றதெல்லாம் சுலபம். விண்டோஸை ஏற்றிப் போட 8 ஜிபி பென்டிரைவ் போதும், ஆனால் அதில் இருப்பது அழிந்துவிடும். விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. வைஃபை டிரைவரைக் கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள். இன்ஸ்டால் நடுவில் இணையம் கேட்கும், டிரைவர் இல்லாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வாய். புராடக்ட் கீ கேட்டால் இல்லை என்று கொடு. இப்போது இருப்பது விண்டோஸின் ஹோம் பதிப்பு என்றால் ஹோமையே தேர்ந்தெடு. உரிமம் அந்த மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

முடிந்ததும் பழைய மென்பொருள் அத்தனையையும் ஒரே நாளில் திரும்ப ஏற்றாதே. எது தேவைப்படுகிறதோ அதை அன்றைக்குப் போட்டுக்கொள்.

பார்ட்டிஷனை அழிக்கிற திரை வந்ததும், எதையும் அழுத்தாமல் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்த நேரமானாலும் சரி, விழித்திருப்பேன். இரண்டு பேருமாகப் பார்த்துவிட்டு அழிக்கலாம்.

அன்புடன்,
அப்பா